துக்க வீட்டில் ஒரு நன்றி நோட்டு: இழப்போடு வாழ்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் காலையில், என் சமையலறை மேடையில் எங்கள் வீட்டுடையதல்லாத பாத்திரங்கள் 11 இருந்தன. தூக்குச்சட்டி, நாலடுக்கு டிபன் கேரியர், சாம்பார் வாளி, மூடி தொலைந்த எவர்சில்வர் டப்பா என்று விதவிதமாக. என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. தெருதான் சோறு போட்டது. யார் கொண்டுவந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒன்றும் எனக்கு அப்போது பதியவில்லை.

ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பிப் பார்த்தேன். நம் ஊர்ப் பாத்திரங்களில் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும் இல்லையா? ஒன்றில் இரண்டு முதலெழுத்துகளும் ஒரு கல்யாணத் தேதியும். இன்னொன்றில் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துத் தேதி. மகனுடைய பழைய ரஃப் நோட்டை எடுத்து, எந்தப் பாத்திரம் எந்த வீடு என்று எழுத ஆரம்பித்தேன். நன்றி என்று நினைத்தெல்லாம் எழுதவில்லை. பாத்திரம் மாறிப் போய்விடக் கூடாதே என்றுதான். எழுத எழுத, அந்த மூன்று நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. சுக்குக் காபி கொண்டுவந்தது எதிர் வீட்டு அக்கா. மகனை உட்கார வைத்து அவன் வாயில் தயிர்சாதம் ஊட்டியது யாரோ ஒரு பெரியம்மா.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. இந்தப் பழக்கத்தை எப்படித் தொடங்குவது, எங்கே தடுக்கும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எது நன்றி இல்லை

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "கஷ்டப்படாம போயிட்டாரு, அதுக்கே சாமிக்கு நன்றி சொல்லணும்." "பிள்ளைங்க தலையெடுத்துட்டாங்கல்ல, அதை நினைச்சுத் தேத்திக்க." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு தள்ளுபடி இருக்கிறது. உன் துக்கம் நூறு ரூபாய், இந்த நல்லதுக்காக முப்பது ரூபாய் கழித்துக்கொள் என்பது மாதிரி.

நான் சொல்லும் நன்றி அதுவல்ல. துக்கம் ஒரு கணக்கு, நன்றி வேறு கணக்கு. இதில் வரவு வைத்து அதில் கழிக்க முடியாது. கழிக்கப் பார்த்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். நான் நன்றி எழுதிய எந்த நாளிலும் அவர் இல்லாதது ஒரு துளிகூடக் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் எழுதவும் இல்லை.

ஒப்பிட்டுத் தேறுவதும் நன்றி ஆகாது. "அந்த வீட்டில் 28 வயதுப் பையன் போயிட்டான், நமக்கு எவ்வளவோ பரவாயில்லை" என்று நோட்டில் எழுதாதீர்கள். அது இன்னொரு வீட்டு இழவின் மேல் ஏறி நின்று மூச்சு வாங்குவது.

இன்னொன்று. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, கடைசிப் படி ஏற்றுக்கொள்வது என்று பல இடத்தில் படித்திருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது அது. இறந்துகொண்டிருந்த நோயாளிகளோடு பேசி அவர் கண்டதே தவிர, வீட்டில் மிஞ்சி இருப்பவர்களுக்குப் போட்ட கால அட்டவணை இல்லை. ஆகவே "இத்தனை மாதம் ஆகியும் நன்றி வரவில்லையே, நான் எந்தப் படியில் சிக்கிக்கொண்டேன்?" என்று தேட வேண்டாம்.

முதல் படி: காத்திருப்பது

உடனே தொடங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அக்கறையுள்ள பிள்ளைகள் பத்தாம் நாளே ஒரு அழகான டைரியை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நம் ஊர் வழக்கங்கள் எல்லாமே துக்கத்துக்கு என்று ஒரு காலத்தை ஒதுக்கி வைத்திருக்கின்றன. சிலருக்கு 10, சிலருக்கு 13, சிலருக்கு 16 நாள். யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டி. கணவரை இழந்த முஸ்லிம் பெண்களுக்கு இத்தா நாலு மாதம் பத்து நாள். அந்த நாட்களில் அழுவதைத் தவிர உங்களுக்கு வேறு கடமை இல்லை. தண்ணீர் குடியுங்கள், கொடுத்ததைச் சாப்பிடுங்கள், படுக்கச் சொன்னால் படுங்கள். இந்தியாவில் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்வது போன்ற வேலைகளை வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் விடுங்கள். அவரிடமே, வந்து நின்றவர்கள் பெயரை மட்டும் ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் உதவும்.

அப்போ எப்போது தொடங்குவது? நாள் கணக்கு என்னிடம் இல்லை. ஒரு அடையாளம் சொல்கிறேன். ஏதோ ஒரு சின்ன விஷயம் உங்களைக் கேட்காமலே நன்றாக இருந்துவிடும். எனக்கு அது மழை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம், துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். வைகைப் பக்கமிருந்து காற்று திரும்பி, சூடான தளத்தில் நாலு சொட்டு விழுந்து, அந்த வாசனை வந்தது. நன்றாக இருந்தது. அடுத்த நொடியே, "அவர் போய் 45 நாள்கூட ஆகவில்லை, உனக்கு மழை வாசனை கேட்கிறதா?" என்று உள்ளே ஒரு குரல்.

அந்தக் குரல் உங்களுக்கும் வரும். வந்தால், தொடங்கலாம் என்று அர்த்தம். மரத்துப் போன கை முதலில் வலிப்பதுபோல, உணர்வு திரும்பும்போது சந்தோஷமும் வலியாகத்தான் வரும். அதை விரட்ட வேண்டாம், அதோடு வாதாடவும் வேண்டாம். "ஆமாம், நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டு

பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண நோட்டு போதும். போனில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. நன்றி எழுதப் போனைத் திறந்தால், இதே நாளில் மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த படம் என்று அதுவாக அவர் முகத்தைக் கொண்டுவந்து காட்டும். அதற்கு நாம் தயாராக இருக்க மாட்டோம்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் எப்படி எழுதுவார்? ஊர், பெயர், தொகை. "உறவினர்கள் அனைவரும் அன்போடு கொடுத்தனர்" என்று எழுத மாட்டார். எழுதினால் அந்த நோட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நன்றி நோட்டும் அப்படித்தான். தேதி, யார், என்ன, எந்த நேரம். இவ்வளவுதான்.

"எல்லாரும் உதவியாக இருந்தார்கள்" என்பது வரி இல்லை. "ஞாயிறு. மதினி. கேட்காமலே அவருடைய சட்டைகளைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்தார், எடுத்துக் கொடுத்துவிடவா என்று கேட்கவில்லை" என்பது வரி. இரண்டாவதை எழுதினால் அந்த மதினியின் கை உங்களுக்குத் தெரியும். முதலாவதில் யார் கையும் தெரியாது.

முதல் சில நாட்கள், இன்றைய நாளைப் பற்றி எழுத வேண்டாம். அது கடினம். பின்னோக்கிப் போங்கள். பாடை தூக்கத் தோள் கொடுத்தது யார்? முதல் வாரம் கூடத்தில் பாய் போட்டுத் துணைக்குப் படுத்தது யார்? பந்தல் பிரித்தபின் வாசலைக் கழுவி விட்டது யார்? துக்க வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது என்பார்கள். அப்படி ஒன்றும் சொல்லாமல், கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனவர்கள் இருப்பார்கள். அவர்களை எழுதுங்கள்.

முன்பின் தெரியாதவர்களும் வருவார்கள். ஒரு அலுவலகத்தில் ஒரே சான்றிதழுக்காக என்னை நாலு தடவை அலைய விட்டார்கள். ஐந்தாவது தடவை போனபோது, வேறு ஒரு மேசையில் இருந்த தம்பி எழுந்து வந்து, "உட்காருங்கம்மா, நான் நிரப்பித் தரேன்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டார். "வாரிசுதாரர் உறவு" என்ற கட்டத்தில் "மனைவி" என்று எழுதும்போது அவர் பேனா ஒரு கணம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதி முடித்தார். அந்த நிமிர்ந்து பார்க்காததற்குத்தான் நோட்டில் ஒரு வரி.

மூன்றாம் படி: இரண்டு பக்கமும், "ஆனால்" இல்லாமலும்

நோட்டை விரித்தால் இரண்டு பக்கம். இடப் பக்கத்தைத் துக்கத்துக்கு விடுங்கள், வலப் பக்கத்தை நன்றிக்கு. இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

இடப் பக்கத்தில் எதுவும் எழுதலாம். கோபத்தையும். "இரண்டு தடவை நெஞ்சு எரியுதுன்னு சொன்னீங்க, டாக்டர்கிட்ட வாங்கன்னு சொன்னேன், கேஸ்னு சொல்லி ஓமத் தண்ணி குடிச்சீங்க" என்று நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வலப் பக்கத்தில் ஒரே வரி: "தயிர் நன்றாக உறைந்திருந்தது."

இரண்டையும் எழுதும்போது ஒரு சொல்லை மட்டும் விலக்கி வையுங்கள். "ஆனால்". "அழுதேன், ஆனால் தயிர் நன்றாக இருந்தது" என்று எழுதினால் தயிர் அழுகையை அடிக்க வந்ததுபோல் ஆகிவிடும். தமிழில் நமக்கு ஒரு "உம்" இருக்கிறதே! "அழுதேன். தயிரும் நன்றாக இருந்தது." இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். இது இலக்கணச் சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். ஒரு வாரம் செய்து பாருங்கள்.

இதற்கு ஆய்வாளர்களிடமும் ஒரு பெயர் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் 1999-இல் சொன்னது: இழந்தவர்கள் இழப்பின் பக்கமும், மீண்டும் வாழ வேண்டிய வேலைகளின் பக்கமுமாக மாறி மாறிப் போய் வருவார்கள், அந்தப் போக்குவரத்தே துக்கத்தின் இயல்பான ஓட்டம். காலையில் கேஸ் இணைப்பைப் பெயர் மாற்றப் போவீர்கள், மதியம் அவர் செருப்பைப் பார்த்து உடைந்து போவீர்கள், சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து சிரிப்பீர்கள். மனம் தடுமாறுகிறது என்று பயப்பட வேண்டாம். மனம் தன் வேலையைச் செய்கிறது.

நான்காம் படி: எவ்வளவு, எத்தனை நாள்

குறைவாக. நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக.

நன்றி எழுதுவதைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்டது. அதில் ஒரு பகுதியில் கல்லூரி மாணவர்கள் வாரத்துக்கு ஒரு முறை, 10 வாரம், நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பகுதியில் நரம்பும் தசையும் பாதிக்கப்பட்ட நோயாளிகள் 21 நாள் தினமும் எழுதினார்கள். எழுதியவர்களுக்கு வாழ்க்கை குறித்த நிறைவு கூடியது. அந்த நோயாளிகளுக்குத் தூக்கமும் மேம்பட்டது. மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் செய்த பயிற்சி வேறு மாதிரி: ஒரு வாரம், தினமும் இரவு, அன்று நன்றாக நடந்த மூன்று விஷயமும், அது ஏன் நடந்தது என்பதும்.

இந்த எண்களை அப்படியே உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அவை துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று வகுத்தவை இல்லை. "மூன்று எழுதணும், இரண்டுதான் கிடைத்தது" என்று துக்கத்தின் நடுவில் ஒரு புதுத் தோல்வி தேவையா? என் அளவு இது: முதல் மூன்று மாதம், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு வரி. அதற்கப்புறம் தானாகக் கூடினால் கூடட்டும். எழுதாத நாளைப் பிறகு சேர்த்து எழுத வேண்டாம். வெற்றுப் பக்கம் வெற்றுப் பக்கமாகவே இருக்கலாம்.

செலிக்மன் பயிற்சியில் வரும் அந்த "ஏன்" மட்டும் எடுத்துக்கொள்ளத் தக்கது. தயிர் ஏன் நன்றாக உறைந்தது? ராத்திரி படுக்கும் முன் எழுந்து போய் உறை ஊற்றினேன். ஏன் ஊற்றினேன்? மறுநாள் மகன் வருகிறான் என்று. அதாவது மறுநாள் என்று ஒன்றை நான் நினைத்திருக்கிறேன். ஒரு "ஏன்" இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது.

ஐந்தாம் படி: நேரம் பார்த்து வையுங்கள்

எல்லா வீட்டுக்கும் ஒரு மோசமான மணி இருக்கும். சிலருக்கு விடியற்காலை. எனக்கு விளக்கு வைக்கும் நேரம். ஆறரைக்கு அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும். இப்போதும் அதே மாதிரி ஒரு வண்டி திரும்பினால் கை நின்றுவிடும். அந்த மணியில் நோட்டை எடுக்காதீர்கள். அந்த நேரம் துக்கத்துடையது, அதற்கே விட்டுவிடுங்கள்.

ஓரளவு தாங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே யோசிப்பேன். கைக்கு வேலை இருந்தால் மனம் அவ்வளவு முறுக்கிக்கொள்வதில்லை. ஆய்ந்து முடித்ததும் ஒரு வரி எழுதி மூடிவிடுவேன். சில நாள் யோசிக்க எதுவும் கிடைக்காது. அப்போது உடம்பைக் கேளுங்கள்: பானைத் தண்ணீர், வேப்பமரத்து நிழல், பாதத்தில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. மனிதர்கள் ஒருவரும் கிடைக்காத நாளில் தரைக்கு நன்றி எழுதலாம்.

ஆறாம் படி: பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள்

நம்மிடையே "நன்றி" என்று வாயால் சொல்வது கொஞ்சம் அந்நியம். எதிர் வீட்டு அக்காவிடம் போய் "நன்றி அக்கா" என்று சொன்னால், "என்னடி, என்னைப் பிரிச்சுப் பேசுற?" என்பார். நாம் வேறு வழிகளில் சொல்லிப் பழகியவர்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். நாலு கறிவேப்பிலைக் கொத்தோ, ஒரு கரண்டிச் சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்போம்.

எழுதுவதில் நின்றுவிடாமல் நோட்டிலிருந்து வெளியே வருவதற்கு இதுதான் வழி. மாதத்தில் ஒரு நாள் நோட்டைப் புரட்டி ஒரு பெயரை எடுங்கள். அந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்று செய்யுங்கள். பெரிதாக வேண்டாம். நான் அந்தப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவே நாலு மாதம் எடுத்துக்கொண்டேன், வேண்டுமென்றேதான். ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். அவர் எங்கள் தெருவில் 26 வருஷம் இருந்தவர். எனக்குத் தெரியாத அவரை அந்தத் திண்ணைகளில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டுப் பையனுக்கு மூன்று வருஷம் பரீட்சைக் கட்டணம் கட்டியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாங்கிக்கொள்வதும் இந்தப் படியில் சேர்த்திதான், கொடுப்பதைவிட அது கடினம். எங்கள் பூக்கார அம்மாவுக்கு அவர்தான் மாதாமாதம் பணம் கொடுப்பார். காரியத்துக்குப் பிறகு அந்த அம்மா பத்து நாள் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பூ கொடுக்கலாமா கூடாதா என்று அவருக்குக் குழப்பம் இருந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் வந்து நின்றார். ஒரு முழம் மல்லியை இலையில் சுற்றி நீட்டினார். "அண்ணன் இந்த மாசத்துக்கும் சேர்த்துக் குடுத்திருக்காருக்கா. நான் எப்படி நிறுத்துவேன்? வச்சுக்கங்க, இல்ல அண்ணன் படத்துக்குப் போடுங்க, உங்க இஷ்டம்." படத்துக்குத்தான் போட்டேன். தலையில் வைத்துக்கொள்ள இன்னும் பல மாதம் ஆயிற்று. வைத்தபோது உறவில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அது அவர்கள் பாடு. நோட்டில் அன்றைய வரி: "மல்லி ஒரு முழம். 5:40. உங்க இஷ்டம் என்று சொன்னார்." கணவன் போன பெண்ணிடம் அந்த நாட்களில் வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஏழாம் படி: போனவருக்கு நன்றி

இதைச் சிலர் முதலிலேயே செய்யப் பார்ப்பார்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது. அவசரம் வேண்டாம்.

போனவரை "விட்டுவிட வேண்டும்" என்று ஒரு காலத்தில் மேற்கத்திய உளவியலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996-இல் டென்னிஸ் கிளாஸும் உடன் ஆய்வாளர்களும் அதை மாற்றிப் பேசினார்கள்: இறந்தவரோடு உள்ள உறவு அறுந்து போவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது கோளாறு இல்லை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வந்து எடுக்கும்வரை சாப்பிடாமல் நிற்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படையல், ஆடி அமாவாசை, நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் அதுதான்.

செய்முறை எளிது. ஒரு பொருளையோ ஒரு வேலையையோ பிடித்துக்கொள்ளுங்கள். "நல்ல மனுஷனாக இருந்தீர்கள்" என்று தொடங்கினால் அது இரங்கல் கூட்டத்துப் பேச்சாகிவிடும். நான் காபி ஃபில்டரைப் பிடித்துக்கொண்டேன். ராத்திரி பத்து மணிக்கு அவர்தான் தூள் போடுவார். மூன்று கரண்டி, லேசாக அமுக்கி, வெந்நீரை ஓரத்தில் சுற்றி ஊற்றி, மூடியை ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டும் சத்தம் கேட்டால் நாள் முடிந்தது என்று அர்த்தம். அதை எழுதினேன். எழுதிவிட்டு அன்று ராத்திரி நானே தூள் போட்டேன், நானும் தட்டினேன். டிகாக்‌ஷன் தண்ணியாக இறங்கியது. தூளை அமுக்க மறந்திருந்தேன்.

உறவு நன்றாக இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். குடித்து அடித்த அப்பா, பேச்சே நின்றுபோன அண்ணன், பிள்ளையை விட்டுவிட்டுப் போன அம்மா. போனவரைத் தெய்வமாக்கு என்று ஊர் உங்களை நெருக்கும். நீங்கள் ஆக்க வேண்டியதில்லை. உண்மையாக ஒரு நல்லது இருந்தால் அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள்: "சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அந்த ஒன்றும் இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுங்கள். உங்களைக் காப்பாற்றிய வேறு யாராவது இருந்திருப்பார்கள், பக்கத்து வீட்டு ஆச்சியோ ஒரு டீச்சரோ. அந்த வரி அவர்களுக்குப் போகட்டும்.

எட்டாம் படி: வீட்டில் மற்றவர்கள்

யாரையும் எழுதச் சொல்லாதீர்கள். ஒரே கூரைக்குள் ஒவ்வொருவரும் வேறு வேறு ஆளை இழந்திருக்கிறார்கள். நான் இழந்தது கணவனை, என் மகன் இழந்தது அப்பாவை. அவன் ஒரு வருஷம் அவரைப் பற்றிப் பேசவே இல்லை, அவருடைய வண்டியை மட்டும் வாரா வாரம் துடைத்தான். அதுவே அவன் நோட்டு என்று விட்டுவிட்டேன். சின்னக் குழந்தைகள் இருந்தால், படுக்கும்போது "இன்னைக்கு என்ன நல்லா இருந்துச்சு, எப்ப அப்பா ஞாபகம் வந்துச்சு?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். ஒன்றை மட்டும் கேட்டால், மற்றதைப் பேசக் கூடாது என்று புரிந்துகொள்வார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும், எப்போது உதவி கேட்க வேண்டும்

எழுதும் வரிகள் பொய்யாகத் தொடங்கினால் நிறுத்துங்கள். நமக்கே தெரியும். அழகழகாக வரும், ஆனால் கை கனக்கும். அப்போது வலப் பக்கத்தை மூடிவிட்டு இடப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷம் நான் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

வேறு சில அடையாளங்கள் நோட்டோடு தீராதவை. பல மாதம் கழிந்தும் முதல் வாரத்து வேதனை அதே வேகத்தில் தினமும் அடிப்பது, அவர் இறந்ததையே மனம் ஏற்காமல் இருப்பது, குளிக்க, சமைக்க, வேலைக்குப் போக முடியாமல் கிடப்பது, இருந்து என்ன பயன் என்று தோன்றுவது. நீடித்த துக்கம் என்று இதை மருத்துவம் தனியாக அடையாளம் காண்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்தை அளவாக வைக்கிறது. அதே ஆண்டு வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் திருத்திய வரையறை பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. அவரவர் சமூக வழக்கத்தில் இயல்பான துக்கத்தையும் தாண்டிப் போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது. இலங்கையில் 1926 என்ற எண்ணில் பேசலாம். போனை எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், "வீட்டில் ஒருத்தர் தவறிட்டாங்க, என்னால முடியல" என்பது போதும்.

ஒன்பதாம் படி: திதியும் பண்டிகையும்

முதல் வருஷம் பண்டிகை இல்லை என்பது பலருக்கு ஒரு நிம்மதி. இரண்டாம் வருஷப் பொங்கல்தான் கடினம். ஊரும் உறவும் "இனி கொண்டாடலாம்" என்று சொல்லிவிடும், மனம் சொல்லாது. திதி வேறு காலண்டர் தேதிக்கு விழாமல் முன்பின்னாக வரும், ஆகவே நமக்கு வருஷத்தில் இரண்டு நினைவு நாள். பிறந்த நாள், கல்யாண நாள் தனி.

அந்த நாட்களைக் காலண்டரில் முன்கூட்டியே வட்டமிட்டு வையுங்கள். அன்றைக்குப் புதிதாக நன்றி எழுத முயல வேண்டாம். பழைய நோட்டை எடுத்து, வலப் பக்கங்களை மட்டும் படியுங்கள். முடிந்தால் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக. தலைத்திவசத்தன்று நானும் மகளும் அப்படிப் படித்தோம். பெயர் பெயராக வந்துகொண்டே இருந்தது. நடுவில் அவள், "அம்மா, அந்த ஒரு பாத்திரம் யாருதுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை. 11 பாத்திரத்தில் 10 வீடு சேர்ந்துவிட்டன. ஒரு தூக்குச்சட்டியில் மட்டும் பெயரே வெட்டியிருக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன், எங்களது இல்லை என்றுவிட்டார்கள். நான் அதில் என் பெயரையும் வெட்டவில்லை. எங்கள் பக்கத்தில் ஏதாவது வீட்டில் இழவு விழுந்தால் அதில்தான் ரசம் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறேன். போன மாதம் அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை, நான் கேட்கவும் இல்லை.